ஹீட்டர் அறையில் ஒரு தவில்

நியூ ஜெர்சி ஐசலினில் என்னோடு வளர்ந்து, இன்று என்னைப் போலவே தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களில் சிலர் ஒரு கிறிஸ்துமஸ் லீவில் பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தீர்கள். அம்மா கதவைக் கையகலம் திறந்து, "அவளுக்கு ஃபீவர், அப்புறம் வாங்க" என்று அனுப்பிவைத்தாள். எனக்கு ஃபீவரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உள்ளே ஹாலில் ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் இருந்தன. அவற்றை நீங்கள் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருடம் கழித்து அதைச் சொல்ல எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. பெருமையடித்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாதஸ்வரத்தை வீட்டுக்குள் வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா? கோயில் மதிலைத் தாண்டி நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும் என்று செய்த வாத்தியம் அது. நம் வீடுகளோ பலகையும் அட்டையும் வைத்துக் கட்டியவை. சுவரில் ஆணி அடித்தால் பக்கத்து வீட்டுத் தாத்தா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பார். அதற்கு முந்தைய கோடையில் அம்மா ஒரு நாள் ஆசை தாங்காமல் எடுத்து வாசித்தாள், போலீஸ் வந்துவிட்டது. யாரோ ஒரு பிராணியைத் துன்புறுத்துவதாகப் புகார் வந்திருக்கிறது என்று அந்தப் போலீஸ்காரர் மிகவும் மரியாதையாகச் சொன்னார். அம்மாவுக்கு அன்று இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் எங்கள் வீட்டு இசை விழா குளிர்காலத்தில்தான் நடக்கும். பக்கத்து வீட்டுத் தாத்தா பனி விழுவதற்கு முன்பே ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பிவிடுவார். எல்லா வீட்டிலும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் இறுக மூடியிருக்கும். வெளியே நடப்பவர்கள் காதைக் குல்லாவுக்குள் வைத்துக்கொண்டு நடப்பார்கள். தாத்தா காரில் பெட்டி ஏற்றுவதை என் தம்பி மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நிற்பான். கார் தெருமுனை திரும்பியதும் ஓடி வந்து "ஹி லெஃப்ட்" என்பான். அம்மா அலமாரியைத் திறப்பாள்.

என் அம்மாவை உங்களுக்குத் தெரியும். ஓக் ட்ரீ ரோடு பக்கம் ஒரு மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு போட்டு மாத்திரை எடுத்துக் கொடுத்த ஆன்ட்டி. அங்கே அவள் குரல் கவுன்டரைத் தாண்டாது, "பார்டன் மீ?" என்று கேட்காத ஆள் கிடையாது. அந்த ஆன்ட்டி திருநெல்வேலிப் பக்கத்து நாதஸ்வரக்கார வீட்டுப் பெண் என்பது உங்களுக்குத் தெரியாது. சின்னப் பெண்ணாக இருக்கும்போதே தன் அப்பாவின் பக்கத்தில் நின்று கோயில் திருவிழாக்களில் வாசித்தவள். கோயம்புத்தூர்க்காரரான என் அப்பா வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனவர், அப்படியொரு திருவிழாவில் அவள் வாசித்த தோடியைக் கேட்டுவிட்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று தன் வீட்டில் ஒற்றைக்காலில் நின்று கட்டிக்கொண்டார்.

அப்படிக் கட்டிக்கொண்டவர்தான், இங்கே தமிழ் ஆட்கள் கூடும் இடத்தில் யாராவது அம்மாவின் வீட்டைப் பற்றி விசாரித்தால், "மாமனார் விவசாயமுங்க" என்பார். அவர் கெட்டவர் இல்லை. மேளக்கார வீட்டில் பெண் எடுத்தான் என்று ஊரில் அவர் வாங்கிய பேச்சு இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை. இங்கேயும் யாராவது அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிடுவார்களோ என்று பயந்தார். பயத்துக்கு அக்கறை என்று பெயர் வைத்துக்கொள்வது அப்பாக்களுக்குக் கைவந்த கலை. எனக்கு அது அப்போது தெரியவில்லை. தாத்தா விவசாயி என்றே பள்ளிக்கூடத்தில் ஒரு படமும் வரைந்து கொடுத்தேன், டிராக்டரோடு.

அந்த வருடம்தான் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். அம்மாதான் அவரை வளர்த்தவள். லக்கேஜில் போட்டால் உடைத்துவிடுவார்கள் என்று தவிலை விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர்கள் நிறுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். "ஏர்" என்றார் மாமா. நம்பவில்லை. வாத்தியம்தான் என்றால் வாசித்துக் காட்டு என்றார்கள். மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாஸ்போர்ட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு வாசித்தார். பின்னால் வரிசையில் நின்ற நம்மவர்கள் எல்லாம் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை மும்முரமாகப் படித்தார்களாம். ஒரு சர்தார்ஜி மட்டும் தோளைக் குலுக்கினாராம். கஸ்டம்ஸ்காரர் பெட்டியைத் திறக்காமலே வெளியே விட்டார். இதை மாமா சொல்லும்போதெல்லாம் தம்பி பாஸ்போர்ட்டுக்குப் பதில் நூலக அட்டையைக் கவ்விக்கொண்டு நடித்துக் காட்டுவான்.

அந்தத் தவில் மாமாவை விட வயதானது. பலாமரத்தைக் குடைந்து செய்த உடம்பு, கைபட்டுக் கைபட்டு கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. இடது பக்கத்தைக் கழியால் அடிக்க வேண்டும். வலது பக்கம், அதை வலந்தலை என்பார்கள், விரலால் வாசிப்பது. தோல் அவ்வளவு இறுக்கமாக இருப்பதால் வெறும் விரல் தாங்காது. துணிக் கீற்றுகளை மைதாப் பசையில் தோய்த்து விரலில் சுற்றிச் சுற்றிக் காயவைத்தால் கல் மாதிரி ஒரு கூடு கிடைக்கும். அதை மாட்டிக்கொண்டுதான் வாசிப்பார்கள். நீங்களெல்லாம் உங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு பிஸ்கட்டில் ஜிஞ்சர்பிரெட் வீடு கட்டிக்கொண்டிருந்தபோது நானும் தம்பியும் அடுப்படியில் மைதா கிண்டிக்கொண்டிருந்தோம். எங்கள் விரல்களுக்கும் மாமா சின்னச் சின்னக் கூடு செய்து கொடுத்தார். அவற்றை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையைத் தட்டித் தட்டி அதன் வார்னிஷை நாங்கள் உரித்தது தனிக்கதை.

குளிர்காலத்தில் நம் வீடுகளுக்குள் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஹீட்டர் ஓடி ஓடி உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும், கதவுக் குமிழைத் தொட்டால் ஷாக் அடிக்கும். மனிதத் தோலுக்கே அந்தக் கதி என்றால் ஆட்டுத் தோலுக்கு எப்படி இருக்கும்? தம்பியின் இருமலுக்காக டாக்டர் சொல்லி வாங்கிய, காற்றில் ஈரம் ஊதும் ஹ்யூமிடிஃபையர் ஒன்று இருந்தது, ஆரஞ்சு நிறம், மூக்கு நீண்டிருக்கும். மாமா அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தவிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"பட் ஐ ஆம் த ஒன் ஹூ இஸ் சிக்" என்றான் தம்பி.

"ஒனக்கு இருமலுடே, நாலு நாள்ல சரியாயிரும். இதுக்கு நம்மூரு காத்துன்னு நெனப்பு வரணும்லா" என்றார் மாமா.

அம்மாவின் சீவாளிகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் ஈரத்துணியில் சுற்றியிருக்கும். சீவாளி என்றால் நாதஸ்வரத்தின் வாயில் செருகும் அந்தச் சின்ன நாணல் துண்டு. அது காய்ந்தால் பேசாது. நாங்கள் குளிக்கும்போதெல்லாம் அந்த டப்பாவும் ஆவி பிடிக்கக் குளியலறைக்கு வரும். அந்த டப்பா இப்போது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நான் எல்லா வீட்டு மாற்றங்களிலும் தேடிப் பார்த்துவிட்டேன்.

லீவு நாட்களில் விடியற்காலை வெளியே பனி நீலமாக இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். மார்கழி அல்லவா, கோயிலில் வாசிக்கிற மாதிரியே பூபாளத்தில் தொடங்க வேண்டும் என்பாள் அம்மா. படுக்கையில் கிடக்கும் எனக்கு முதலில் காதில் கேட்காது, கட்டில் காலில்தான் கேட்கும். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து கம்பிகளுக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பேன். காபி வாசனையும் மைதாப் பசை வாசனையும் கலந்து வரும். அம்மா நைட்டிக்கு மேல் அப்பாவின் ஸ்வெட்டர் போட்டிருப்பாள். கன்னம் இரண்டும் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, கண்ணை மூடிக்கொண்டு அவள் ஒரு ஸ்வரத்தில் போய் நிற்கும்போது கண்ணாடி அலமாரியில் இருக்கும் கோப்பைகள் எல்லாம் கிணுகிணுக்கும். மருந்துக்கடையில் எல்லோரும் இரண்டு முறை திரும்பக் கேட்கும் அந்த ஆன்ட்டியா இது? எனக்கு உடம்பெல்லாம் கர்வம் ஏறும். இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தவிப்பேன். சொல்லக் கூடாது என்பதுதான் வீட்டில் சட்டம்.

ஒரு நாள் தபால்காரர் பார்சலோடு வந்தவர், மணியை அழுத்தாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். தொப்பியிலும் தோளிலும் பனி ஏறியிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ. அப்பா கதவைத் திறந்ததும், "வாட் இஸ் தட்?" என்றார். "ரேடியோ" என்றார் அப்பா. "விச் ஸ்டேஷன்?" என்று அவர் பேனாவை எடுத்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாமாவுக்குக் கலிபோர்னியாவில், ஃப்ரீமான்டில் ஒரு வரன் அமைந்து வந்தது. பெண்ணின் பெற்றோர் சென்னைக்காரர்கள், அங்கே போய் ரொம்ப வருடமாகிவிட்டது. பெண் அங்கேயே வளர்ந்தவள். போட்டோ வந்த நாளிலிருந்து மாமா இரண்டு வேளை ஷேவ் செய்தார். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பழைய பயம் இருந்தது. மாமா ஊரில் இருக்கும்போதே ஒரு இடம் ஜாதகம் வரைக்கும் பொருந்தி, மேளக்கார வீடு என்று தெரிந்ததும் போனை எடுப்பதையே நிறுத்திக்கொண்டார்கள். அதை மாமா சிரித்துக்கொண்டே சொல்வார். அம்மாவுக்குச் சிரிப்பு வராது.

பெண் வீட்டார் எப்போது வருவது என்பதில் ஒரு சிக்கல். மார்கழியில் பெண் பார்க்க மாட்டார்கள், மாப்பிள்ளை பார்க்க மாட்டார்கள், கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். அமெரிக்காவிலோ எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது மார்கழியில் மட்டும்தான். இரண்டு வீட்டாரும் போனில் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர்கள் நியூயார்க் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். வந்த இடத்தில் புதுவருடத்தன்று தற்செயலாக நம் வீட்டில் சாப்பிடுகிறார்கள். பெண்ணும் தற்செயலாகக் கூட வருகிறாள். பூ, பழம், வெற்றிலை எதுவும் கிடையாது. யாரும் மாப்பிள்ளை என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூடாது. எடுத்தால் லீவு முடியும்வரை டிவி கிடையாது என்று எனக்கும் தம்பிக்கும் உத்தரவு.

அவர்கள் வருவதற்கு முந்தைய நாள் அப்பா ஹாலில் வந்து நின்றார். "இதையெல்லாம் இப்போதைக்கு உள்ள எடுத்து வெச்சுறலாம். எல்லாம் முடிஞ்சதும் எடுத்துக்கலாம். நாம ஒண்ணும் பொய் சொல்லலியே. கேட்டா சொல்லிக்கலாம்."

"கேட்டா விவசாயம்னு சொல்லுவீய" என்றாள் அம்மா.

மாமாதான் நடுவில் வந்தார். "விடுக்கா. அத்தான் நம்ம நல்லதுக்குத்தான சொல்லுதாவ. ரெண்டு நாளுதான."

அம்மா மாமாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "தவிலக் கொண்டு போங்க. நாயனத்தை நான் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, நாதஸ்வரத்தை மாடிக்கு எடுத்துப் போய்த் தன் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவள் அடுப்பைத் தேய்த்தாள். அந்த அடுப்பு ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது.

தவிலை எங்கே வைப்பது? கராஜில் வைத்தால் குளிரில் விறைத்துவிடும் என்று அப்பாவுக்குக் கவலை. பேஸ்மென்டில் ஹீட்டர் இருக்கும் அறைதான் வீட்டிலேயே கதகதப்பான இடம். குளிர்தான் எதிரி, வெப்பம் நம்மவன் என்று நினைக்கிற ஊரிலிருந்து வந்தவர்கள்தானே நாமெல்லோரும். தவிலைக் கம்பளியில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி ஹீட்டருக்குப் பக்கத்துத் தட்டில் பத்திரமாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஹ்யூமிடிஃபையர் தம்பியின் அறைக்குத் திரும்பியது. அவனுக்குத்தான் சந்தோஷம்.

புதுவருடத்தன்று மத்தியானம் வந்தார்கள். பெண்ணின் அம்மா பட்டுப்புடவைக்கு மேல் ஸ்கீ ஜாக்கெட் போட்டிருந்தார். கலிபோர்னியாவில் குளிர் என்றால் என்னவென்று தெரியாது, பாவம், ஷூவைக் கழற்றவே மனமில்லை. பெண்ணின் அப்பா வாசலில் இருந்தே டிராஃபிக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தப் பெண் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு பனி உருண்டை செய்து கொண்டுவந்திருந்தாள். அப்போதே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

அம்மா சொதி வைத்திருந்தாள். திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தேங்காய்ப்பாலில் வைக்கும் அந்தக் குழம்பு கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போடுகிற சாப்பாடு. அப்பா அடுப்படியில் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இதையாங்க வெக்கோணும் இன்னிக்கு?" என்று கிசுகிசுத்தார். சென்னைக்காரர்களுக்கு அது தெரியாதது நல்லதாகப் போயிற்று.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பேச்சு கிரீன் கார்டு, ஃப்ரீவே, நியூ ஜெர்சி டாக்ஸ் என்று சுற்றிச் சுற்றி வந்தது. யாரும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. அப்போது பெண்ணின் அம்மா சொதியை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "உங்க ஃபாதர் ஊர்ல என்ன பண்ணிட்டிருந்தார்?"

கேள்வி அம்மாவைப் பார்த்து. பதில் சொன்னது அப்பா. "விவசாயமுங்க. நெல்லு, வாழை."

வாழை வேறு. அம்மா இஞ்சிப் பச்சடிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்த நேரம் கீழே பேஸ்மென்டில் ஒரு சத்தம். பட்டாசு மாதிரி ஒரே ஒரு வெடி. மேஜையில் தண்ணீர் ஆடியது. பெண்ணின் அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கேஸ் லீக்கா? எல்லாரும் வெளில வாங்க, குழந்தைகளைக் கூட்டிட்டு—"

"இல்லீங்க, ஹீட்டருங்க. அது அப்பப்ப அப்படித்தான்" என்றார் அப்பா.

ஆனால் மாமாவுக்கு அந்தச் சத்தம் என்னவென்று தெரியும். அது வேறு யாருக்கும் தெரியாது, தவில்காரனுக்குத் தெரியும். சாப்பிட்ட கையோடு எழுந்து படியிறங்கி ஓடினார். கொஞ்ச நேரத்தில் தவிலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். கம்பளி பின்னால் படிப்படியாக இழுபட்டு வந்தது. ஒரு நாள் முழுக்க ஹீட்டர் சூட்டில் காய்ந்து காய்ந்து இறுகிப்போன தோல், வலந்தலையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை கிழிந்து சுருண்டிருந்தது. மாமா எதிரில் இருந்த யாரையும் பார்க்கவில்லை.

"அக்கா, வலந்தலை போச்சுக்கா" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

பெண்ணின் அம்மா அந்தத் தவிலைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "இது மேளம்தானே? யாரோடது?"

"அது ஒரு ஃப்ரெண்டோடதுங்க, இங்க வெச்சுட்டுப் போனாரு" என்று அப்பா தொடங்கினார்.

"எங்களுதுதான்" என்றாள் அம்மா. கவுன்டரைத் தாண்டாத குரல் இல்லை அது. "எங்க அப்பா நாயனம் வாசிச்சாவ. நானும் வாசிப்பேன். இவன் தவிலு. விவசாயமெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எங்க வீட்டுல ஒரு கத்திரிச்செடி வச்சுப் பொழச்சதில்ல."

மாமாவின் கல்யாணம் அந்த மேஜையில் சோற்றோடு சோறாக ஆறிக்கொண்டிருந்தது. எனக்கும் அது தெரிந்தது. இந்தப் பனி உருண்டைப் பெண் இனி நம் வீட்டுக்கு வரமாட்டாள் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். மாடிக்குப் போய் நாதஸ்வரத்தை எடுத்துக்கொண்டு, சீவாளியை வாயில் நனைத்தபடியே இறங்கி வந்தாள். மடித்து வைத்திருந்த ஜமுக்காளத்தைக் காலாலேயே விரித்து உட்கார்ந்தாள்.

"நீங்க சாப்பிடுங்க, சாப்பாடு ஆறிப்போயிரும். இவ்வளவு தூரம் வந்துட்டீய, என்ன ஆளுகன்னு தெரிஞ்சுக்கிட்டே போங்க."

மாமா கிழிந்த தவிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அப்போதுதான் அந்தப் பெண் முதல்முறையாக அவரிடம் நேராகப் பேசினாள்.

"இஸ் த அதர் சைட் ஓகே?"

மாமா திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"தென் ப்ளே தட் சைட்."

மாமா அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழியை எடுத்தார். அம்மா தோடியை எடுத்தாள். மெதுவாக, கீழே இருந்து, அவசரமே இல்லாமல். பிறகு ஒரு கட்டத்தில் அந்த ஹாலுக்குச் சுவர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் போய்விட்டது. பெண்ணின் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை எடுத்தார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கையையும் எடுத்தார். பெண்ணின் அப்பாவுக்குச் சாதம் கையிலேயே காய்ந்தது. வலந்தலை இல்லாமல், கழி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மாமா அக்காவின் பின்னாலேயே விட்டும் தொட்டும் போய்க்கொண்டிருந்தார். அப்பா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தார். அவர் முகத்தை அன்று நான் பார்த்தேன். இதைக் கேட்டுத்தானே இவளைக் கட்டினோம், இதைப் போய் ஒளித்து வைத்தோமே என்கிற முகம் அது. அன்று எனக்குப் புரியவில்லை. எனக்குக் கல்யாணமாகி, நானும் சிலதை ஒளித்து வைத்துப் பார்த்த பிறகு புரிந்தது.

வாசித்து முடிந்ததும் வீட்டில் ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்டது. பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஹோட்டல் ஹால் புக் பண்ணி, நாதஸ்வரத்துக்கு கேசட் போடலாம்னு இருந்தோம். இங்க எல்லாரும் அதான பண்றாங்க. இனிமே எதுக்கு கேசட்? வீட்லயே இப்படி ஒரு ஆள் இருக்கும்போது, நீங்களே வாசிச்சுடுங்க."

எங்கள் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. மாமா தரையைப் பார்த்துச் சிரித்தார். அப்பா, "அதுக்கென்னங்க, தாராளமா வாசிப்பாங்க" என்று கரண்டியை ஆட்டினார். அம்மா நாதஸ்வரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் வாசிக்க மாட்டேன்" என்றாள்.

"அக்கா" என்றார் மாமா.

"எங்க அப்பா ஊரு ஒலகத்துக் கல்யாணத்துக்கெல்லாம் வாசிச்சாவ. ஆனா எங் கல்யாணத்துல அவுக வாசிக்கல. பட்டுத் துண்டு போட்டு முன்னால ஒக்காந்திருந்தாவ. சுத்துப்பட்டுல இருக்க நாயனக்காரவுக எல்லாம் வந்து அவுகளுக்கு வாசிச்சாவ. எங்க வீட்டுக் கல்யாணத்துல நாங்க ஒக்காந்து கேக்கணும். எந்தம்பிக்கு நான்தான் அம்மா. பட்டுச் சேல கட்டி, சம்பந்தியா முன்வரிசையில ஒக்காருவேன். மேளம் வைக்கிறது பொண்ணு வீட்டுப் பொறுப்பு. நல்ல செட்டா வையிங்க."

கூடி வந்த காரியத்தைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாளே என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெண்ணின் அம்மா என் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்கீ ஜாக்கெட்டை அப்போதுதான் கழற்றி நாற்காலியில் போட்டார். பிறகு தன் கணவர் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா? மாப்பிள்ளை வீட்ல சொல்றாங்க. கேசட்டாம் கேசட்டு. நல்ல செட்டா அரேஞ்ச் பண்ணுங்க."

மார்கழி மாதம் நட்ட நடு மத்தியானத்தில் மாப்பிள்ளை என்ற அந்தச் சொல்லை அவரே சொல்லிவிட்டார். தம்பி என்னைப் பார்த்து, "நோ டிவி ஃபார் ஆன்ட்டி" என்றான்.

தை மாதத்தில் ஒரு லாங் வீக்கெண்டில் ஹோட்டல் ஹாலில் கல்யாணம் நடந்தது. உங்களில் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள், லிஃப்டில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டு. அதனால் நடந்ததைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பெண் வீட்டார் எங்கெங்கோ விசாரித்து, டெக்சாஸில் ஒரு கோயிலுக்காக ஊரிலிருந்து வந்திருந்த மேள செட்டை விமானத்தில் வரவழைத்திருந்தார்கள். அம்மா அரக்குப் பட்டு கட்டி முன்வரிசையில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டாள். போட்டோவுக்குக் கூப்பிட்டபோதுகூட எழுந்திருக்கவில்லை. கெட்டிமேளம் கொட்டி மாமா தாலி கட்டியபோது அம்மா அட்சதையைப் போட்ட கையோடு தவில்காரரைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தாள்.

முதல் பந்திக்கு இலை போட்டார்கள். மேளக்காரர்கள் வராந்தாவில் உறைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா போய் நாலு பேரையும் கையோடு கூட்டிவந்து, மணமக்களுக்கு எதிர் வரிசையில் உட்கார வைத்தாள். கோட்டு போட்ட ஒரு அங்கிள் குனிந்து, "ஃபேமிலி முதல்ல உட்காரட்டுமே" என்றார். "ஃபேமிலிதான்" என்று சொல்லிவிட்டு அம்மா சாம்பார் வாளியை வாங்கிக்கொண்டாள். பருப்பும் நெய்யும் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே அப்பா வந்தார்.

செட்டில் மூத்தவர், நாதஸ்வரக்காரர், நரைத்த மீசை. சாம்பார் ஊற்றும் அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "தாளத்தை விடாமப் போட்டுக்கிட்டிருந்தீங்கம்மா, நானும் பார்த்தேன். நீங்க எந்த ஊரு, யாரு வீடு?" என்று கேட்டார்.

அம்மா ஊரைச் சொன்னாள். பிறகு தன் அப்பாவின் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை அமெரிக்காவில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, சாப்பாட்டுக் கையை மார்போடு சேர்த்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் நின்றதைப் பார்த்து மற்ற மூன்று பேரும் எழுந்தார்கள். டாக்டர்களும் இன்ஜினியர்களும், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அப்பாவின் அண்ணன்மார்களும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். இலையில் உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்று அந்த ஹாலில் எல்லோருக்கும் தெரியும்.

"ஒக்காருங்க, சாப்பிடுங்க" என்றாள் அம்மா.

அவர் உட்காரவில்லை. அப்பா குனிந்து அவர் இலையில் நெய் ஊற்றினார். அம்மா இன்னொரு முறை சொன்ன பிறகுதான் நாலு பேரும் உட்கார்ந்தார்கள்.